மதிப்பெண் போட வந்தவர் கேட்கும் சாட்சி

பெட்டி நிறைய அட்டைகள். ஒவ்வொரு அட்டையிலும் ஒரு கேள்வி, அதன் கீழே பொடி எழுத்தில் சில குறிப்புகள், இரண்டோ மூன்றோ வசனங்கள், ஓர் உதாரணம். கோட்டு சூட்டு அணிந்த பதினாறு வயதுப் பெண் அந்தப் பெட்டியை மார்போடு அணைத்தபடி ஞாயிறு பள்ளி வகுப்பறைக்குள் நுழைகிறாள். நடுவர்கள் மூன்று பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் நீட்டும் சீட்டுகளிலிருந்து ஒரு கேள்வியைத் தேர்ந்தெடுத்ததும் கடிகாரம் ஓடத் தொடங்குகிறது. தயாரிக்க நான்கே நிமிடம், பேச ஆறு நிமிடம். சீட்டில் இருப்பது, அன்பே உருவான கடவுள் ஏன் துன்பத்தை அனுமதிக்கிறார் என்ற கேள்வி.

அமெரிக்காவில் கிறிஸ்தவ மாணவர்களுக்கான பேச்சுப் போட்டிகளில் பருவம்தோறும் காணக்கூடிய காட்சி இது. போட்டியின் பெயர் அப்பாலஜெடிக்ஸ். நம்புகிறவர் தம் விசுவாசத்துக்குக் காரணம் சொல்லும் கலை என்று இதை விளக்கலாம். யாராவது உங்கள் நம்பிக்கைக்குக் காரணம் கேட்டால் மென்மையோடும் மரியாதையோடும் பதில் சொல்ல எப்போதும் ஆயத்தமாயிருங்கள் என்று பேதுரு தமது முதல் நிருபத்தின் மூன்றாம் அதிகாரத்தில் அறிவுறுத்துகிறார். அந்த அறிவுரைதான் இங்கே நிமிடக் கணக்கோடும் மதிப்பெண்ணோடும் ஒரு போட்டியாகியிருக்கிறது.

இதன் வேர் ஹோம்ஸ்கூலிங் எனப்படும் வீட்டுக்கல்வி இயக்கத்தில் இருக்கிறது. பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே கற்பித்த அமெரிக்கக் குடும்பங்களில் பெரும்பகுதி சுவிசேஷகக் கிறிஸ்தவர்கள். அவர்களுடைய சட்ட உரிமைக்காக 1983-ல் எச்.எஸ்.எல்.டி.ஏ. என்ற சங்கம் உருவானது. வீட்டுக்குள் படித்த பிள்ளை வெளியுலகத்தின் முன்னால் நிமிர்ந்து நின்று பேசப் பழக வேண்டாமா என்ற கவலை பெற்றோருக்கு இருந்தது. 1990-களின் நடுவில் அந்தச் சங்கத்தின் நிழலில் ஒரு விவாதப் போட்டி அமைப்பு தொடங்கியது. என்.சி.எஃப்.சி.ஏ. என்ற பெயரில் 2000-ல் அது தனித்து இயங்கத் தொடங்கியது. 2009-ல் ஸ்டோவா என்ற இன்னோர் அமைப்பும் பிறந்தது. நகர அளவிலான சிறு மன்றங்களில் பயிற்சி, பிறகு வட்டாரப் போட்டிகள், ஆண்டு முடிவில் தேசியப் போட்டி என்று இரண்டும் நடைபோடுகின்றன.

எல்லாப் போட்டிகளும் மதத்தைப் பற்றியவை அல்ல. பத்து நிமிடம் மனப்பாடமாகப் பேசும் சொற்பொழிவு உண்டு, கதையையோ நாடகப் பகுதியையோ ஒருவரே பல குரல்களில் நடித்துக்காட்டும் பிரிவு உண்டு, அரசின் கொள்கையைப் பற்றி இரண்டு இரண்டு பேராக மோதும் விவாதமும் உண்டு. வரிக்கொள்கையையும் வெளியுறவையும் அலசிவிட்டு அடுத்த சுற்றில் திரித்துவத்தை விளக்க வேண்டிய நிலையில் பதினைந்து வயது மாணவன் நிற்பான்.

நடுவர்கள் யார் என்பதில்தான் இந்த முறையின் சுவையே இருக்கிறது. போட்டியாளர்களின் பெற்றோர் ஒரு பகுதி. தம் பிள்ளையின் சுற்றில் அவர்கள் உட்காருவதில்லை. பழைய போட்டியாளர்கள் ஒரு பகுதி. மூன்றாவது வகையினர் ஊர்ப் பொதுமக்கள். பக்கத்து வீட்டுக்காரர், தெருமுனைக் கடைக்காரர், அப்பாவோடு வேலை பார்ப்பவர் என்று மாணவர்களே ஆள் தேடிப் போய், ஒரு பிற்பகல் வந்து நடுவராக இருக்க முடியுமா என்று கேட்கிறார்கள். பேச்சுக்கலையில் தேர்ச்சி தேவையில்லை. வந்ததும் சிறிது நேரம் விதிகளை விளக்கி, கையில் ஒரு மதிப்பீட்டுத் தாளைக் கொடுத்து அறைக்கு அனுப்பிவிடுவார்கள். அப்படி வருகிறவர் சபைக்குப் போகிறவராக இருக்கலாம், பல வருடமாக ஜெபமே செய்யாதவராகவும் இருக்கலாம்.

பேச்சின் கருத்தை அவர் ஏற்கிறாரா என்பதற்கு மதிப்பெண் இல்லை. கேள்விக்கு நேரடியாகப் பதில் வந்ததா, வாதம் ஒழுங்காக அடுக்கப்பட்டதா, குரலும் பார்வையும் கேட்பவரைத் தொட்டனவா என்பதையே அவர் பார்க்க வேண்டும். ஆனால் இவற்றை அளக்க வேண்டுமானால் ஆறு நிமிடமும் காது கொடுத்தே ஆக வேண்டும். வீட்டு வாசலில் துண்டுப்பிரசுரம் நீட்டினால் கதவைச் சாத்திவிடக்கூடிய ஒருவர், பேனாவைப் பிடித்துக்கொண்டு கிறிஸ்துவின் உயிர்த்தெழுதலைப் பற்றிய ஒரு சிறுமியின் வாதத்தைக் குறிப்பெடுக்கிறார்.

இப்படித் தரம் பார்க்க வந்து உட்கார்ந்த ஒருவரின் கதை திருச்சபை வரலாற்றில் முன்பே இருக்கிறது. அவர் அகுஸ்தீன். வட ஆப்பிரிக்காவில் 354-ல் பிறந்தவர். பள்ளியில் படிக்கும்போது வர்ஜிலின் காவியத்தில் ஜூனோ தேவி கோபத்தில் பேசும் பகுதியை உரைநடையாக்கிப் பேசும் போட்டியில் தோழர்களையெல்லாம் மிஞ்சிக் கைதட்டல் வாங்கியவர். வாலிபத்தில் கவிதைப் போட்டியில் வென்று ஆளுநர் கையால் மாலையும் சூடினார். 384-ல் மிலான் நகரத்தில் பேச்சுக்கலைப் பேராசிரியராக அமர்ந்தபோது, அந்த ஊர் ஆயர் அம்புரோசுக்குச் சிறந்த பேச்சாளர் என்ற பெயர் இருந்தது. பெயருக்கேற்ற பேச்சுதானா என்று பார்க்கவே அகுஸ்தீன் போனார். சொன்ன விஷயத்தில் அவருக்கு அக்கறை இல்லை, சொன்ன விதத்தை மட்டுமே எடைபோட்டார். ஆனால் ரசித்த சொற்களோடு, அலட்சியப்படுத்திய பொருளும் சேர்ந்தே மனதுக்குள் வந்துவிட்டது என்றும், இரண்டையும் தம்மால் பிரிக்க முடியவில்லை என்றும் 'கன்ஃபெஷன்ஸ்' நூலில் அவரே எழுதுகிறார். 386-ல் பேராசிரியர் பதவியை விட்டார். அடுத்த ஆண்டு அதே அம்புரோசின் கையால் ஞானஸ்நானம் பெற்றார்.

அதே நூலில், சிறுவயதில் வாங்கிய கைதட்டலையெல்லாம் வெறும் புகையும் காற்றும் என்று அவர் தள்ளிவிடுகிறார். ஆனால் பேச்சுக்கலையை அவர் தள்ளவில்லை. முதுமையில், 426-ஐ ஒட்டி, கிறிஸ்தவப் போதனை பற்றிய தமது நூலின் நான்காம் பாகத்தை எழுதி முடித்தபோது, பொய்யைப் பரப்புகிறவர்கள் சுவையாகவும் தெளிவாகவும் பேசக் கற்றிருக்க, உண்மையைச் சொல்கிறவர் மட்டும் ஏன் கேட்பவரைத் தூங்கவைக்க வேண்டும் என்று வாதாடினார். இன்றைய போட்டிகளை நடத்தும் பெற்றோரும் பயிற்சியாளர்களும் ஏறக்குறைய இதே நியாயத்தைத்தான் சொல்கிறார்கள்.

மறுபக்கத்தில் பவுலும் நிற்கிறார். கொரிந்து சபைக்கு எழுதும்போது, சொல்வன்மையோடு தாம் வரவில்லை என்றும் பயத்தோடும் நடுக்கத்தோடும் வந்ததாகவும் சொல்கிறார். அதே பவுல் அத்தேனே பட்டணத்தில் மார்ஸ் மேடையில் நின்று பேசிய பேச்சோ மாணவர்களுக்குப் பாடமாக வைக்கத்தக்கது. அப்போஸ்தலர் நடபடிகள் பதினேழாம் அதிகாரத்தில் அது இருக்கிறது. தெருவில் பார்த்த ஒரு பலிபீடத்திலிருந்து பேச்சைத் தொடங்குகிறார். யூத வேதத்தை அறியாத கூட்டம் என்பதால் அவர்களுடைய கவிஞர்களையே துணைக்கு அழைக்கிறார். முடிவில் சிலர் பரிகசித்தார்கள், சிலர் இன்னொரு நாள் கேட்கிறோம் என்றார்கள், சிலர் நம்பினார்கள். பவுலுக்குத் தம் எதிரே இருப்பவர் யார் என்று தெரிந்திருந்தது. போட்டி மேடையில் பல மாணவர்கள் முதலில் தடுமாறுவதும் இந்த இடத்தில்தான்.

துன்பத்தைப் பற்றிய அந்தக் கேள்வியையே எடுத்துக்கொள்வோம். புதிதாக வரும் மாணவனின் அட்டையில் பதில் சுத்தமாக இருக்கும். மனிதனுக்குச் சுயாதீனம் உண்டு, அதைத் தவறாகப் பயன்படுத்தியதால் துன்பம் வந்தது, கடவுள் அதிலிருந்தும் நன்மை விளைவிப்பார். மூன்று குறிப்பு, மூன்று வசனம், ஆறு நிமிடத்துக்குச் சரியாக அடங்கும். வாதத்தில் பெரிய ஓட்டை இல்லை. ஆனால் எதிரே உட்கார்ந்திருக்கும் நடுவர் போன மாதம் மனைவியை அடக்கம் செய்தவராக இருந்தால் அந்த மூன்று குறிப்பும் யோபுவின் நண்பர்கள் பேசிய பேச்சாகவே அவர் காதில் விழும். யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் வாய் திறக்காமல் கூட உட்கார்ந்திருந்தவரை ஆறுதலாக இருந்தார்கள். பேசத் தொடங்கியபோதுதான் கெடுத்தார்கள். கதையின் முடிவில் கடவுளே அவர்களைக் கடிந்துகொள்கிறார்.

தேர்ந்த பேச்சாளர் அதே அட்டையை வேறு விதமாகக் கையாள்வார். கேள்வியின் பாரத்தை முதலில் ஒப்புக்கொள்வார். லாசருவை உயிரோடு எழுப்பப்போகிறோம் என்று தெரிந்தும் கல்லறைக்குப் போகும் வழியில் இயேசு கண்ணீர் விட்டார் என்ற இடத்துக்கு வந்து, அங்கே சற்று நிற்பார். சுயாதீனத்தைப் பற்றிய வாதம் அதற்குப் பிறகுதான் வரும். எந்த இடத்தில் விளக்கம் முடிந்து நம்பிக்கை தொடங்குகிறது என்பதையும் மறைக்காமல் சொல்வார். எதிரே இருப்பவரின் முகத்தைப் பார்த்துக்கொண்டே பேச்சின் வேகத்தை மாற்ற, நான்கு நிமிடத் தயாரிப்பு மட்டும் போதாது. பருவத் தொடக்கத்திலேயே கேள்விப் பட்டியல் கையில் கிடைப்பதால், சாப்பாட்டு மேசையில் அப்பாவோடும் சபையில் போதகரோடும் அதே கேள்விகளை மாதக்கணக்கில் பேசியிருப்பார். அந்தப் பேச்செல்லாம் அந்த ஆறு நிமிடத்தில் தெரியும்.

போட்டி முடிந்ததும் நடுவர்கள் எழுதிய தாள்கள் மாணவர் கைக்கு வந்துசேரும். கோப்பையைவிட இதற்காகக் காத்திருப்பவர்கள் உண்டு. கை எங்கே அசைந்தது, எந்த உதாரணம் ஒட்டவில்லை, எந்த இடத்தில் வேகம் கூடியது என்பதெல்லாம் அதில் இருக்கும். ஒரே பேச்சுக்கு ஒரு நடுவர் முதலிடமும் பக்கத்தில் இருந்தவர் கடைசி இடமும் கொடுத்திருப்பதும் சகஜம். சபையில் ஒரு வாலிபர் பேசினால் கைகுலுக்கி, நன்றாகப் பேசினாய் தம்பி என்று முடித்துவிடுவோம். எந்த வாக்கியம் தனக்குப் புரியவில்லை என்று அன்போடு எழுதிக் கொடுக்கிறவர் கிடைப்பது அரிது. இந்தப் போட்டிகள் விசுவாசத்துக்குச் செய்யும் மிகப் பெரிய உதவி இந்தத் தாள்கள்தான் என்று சொல்லத் தோன்றுகிறது.

போட்டிப் பேச்சுக்கும் கிறிஸ்தவ நிறுவனங்களுக்கும் உள்ள உறவு வீட்டுக்கல்விக் குடும்பங்களோடு தொடங்கியதல்ல. உலகெங்கும் கிளை பரப்பியிருக்கும் டோஸ்ட்மாஸ்டர்ஸ் இன்று மதச்சார்பற்ற மன்றம், சென்னையிலும் கொழும்பிலும்கூட அதற்குக் கிளைகள் உண்டு. அது பிறந்த இடமோ வாலிபக் கிறிஸ்தவர் சங்கம். அந்தச் சங்கத்தின் கல்விப் பொறுப்பாளராக இருந்த ரால்ஃப் ஸ்மெட்லி, அங்கு வரும் இளைஞர்களுக்கு நாலு பேர் முன் பேசவும் கூட்டம் நடத்தவும் தெரியவில்லை என்று கண்டு, 1905-ல் இல்லினாய் மாநிலத்தின் புளூமிங்டனில் ஒரு பயிற்சி மன்றத்தைத் தொடங்கினார். 1924 அக்டோபர் 22 அன்று கலிஃபோர்னியாவின் சான்டா அனாவில் அதே சங்கக் கட்டடத்தின் அடித்தளத்தில் கூடிய கூட்டத்தைத்தான் டோஸ்ட்மாஸ்டர்ஸ் தன் தொடக்கமாகக் கொண்டாடுகிறது. அதன் உலகப் போட்டியில் ஒரு பேச்சுக்கு ஐந்திலிருந்து ஏழு நிமிடம். ஏழரை நிமிடத்தைத் தாண்டினால் எவ்வளவு நல்ல பேச்சானாலும் தகுதியிழப்புதான். அங்கே விசுவாசத்தைப் பேசும் கிறிஸ்தவருக்கு இன்னும் கவனம் வேண்டும். பல மதத்தினர் உட்கார்ந்திருக்கும் அரங்கில் மற்றவருடைய நம்பிக்கையைக் குறைத்துச் சொல்லாமல் தன் வாழ்வில் நடந்ததைச் சொல்ல வேண்டும்.

மேடைப் பரிசு எதைத் தரும், எதைத் தராது என்பதற்கு 1944 ஏப்ரலில் நடந்த ஒரு சம்பவத்துக்கு நிகர் வேறு இல்லை. ஜார்ஜியா மாநிலத்தின் டப்ளின் என்ற ஊரில், ஃபர்ஸ்ட் ஆஃப்ரிகன் பாப்டிஸ்ட் சபையில், கறுப்பினத்தவரின் எல்க்ஸ் சங்கம் மாணவர் பேச்சுப் போட்டி ஒன்றை நடத்தியது. அட்லாண்டாவிலிருந்து ஒரு பதினைந்து வயதுப் பையன் ஆசிரியையோடு வந்திருந்தான். போதகர் வீட்டுப் பிள்ளை, பெயர் மார்ட்டின் லூதர் கிங். நீக்ரோவும் அரசியல் சட்டமும் என்பது தலைப்பு. சகோதர அன்பைப் பற்றிய இயேசுவின் போதனையை மீறிக்கொண்டே ஒரு தேசம் தன்னைக் கிறிஸ்தவ தேசம் என்று எப்படிச் சொல்லிக்கொள்ளும் என்று அந்தப் பேச்சில் அவன் கேட்டான். லிங்கன் நினைவிடத்தில் பாடிய மாரியன் ஆண்டர்சனை உதாரணம் காட்டி, அவ்வளவு பெரிய பாடகியையே நிறம் எங்கெல்லாம் தடுத்து நிறுத்தியது என்றும் பேசினான்.

அந்தப் போட்டியில் தாம் வென்றதாகக் கிங் பின்னாளில் ஒரு பேட்டியில் நினைவுகூர்ந்தார். ஆனால் அந்த நாளில் அவர் மனதில் பதிந்தது திரும்பிவரும் வழியில் நடந்தது. பேருந்தில் வெள்ளைக்காரப் பயணிகள் ஏறியதும், எழுந்து இடம் விடச் சொல்லி ஓட்டுநர் ஏசினார். எழ மனமில்லாமல் இருந்த பையனை, சட்டத்துக்குக் கீழ்ப்படியத்தான் வேண்டும் என்று ஆசிரியை சாரா கிரேஸ் பிராட்லி எழவைத்தார். ஏறத்தாழ தொண்ணூறு மைல் தூரம் இருவரும் நின்றுகொண்டே அட்லாண்டா வந்தார்கள். தம் வாழ்க்கையில் அந்த அளவு கோபப்பட்டதே இல்லை என்றார் கிங். சில மணி நேரம் முன்பு மேடையில் சொன்னதைப் பேருந்தில் உடம்பால் அனுபவிக்க வேண்டியிருந்தது.

பிற்பாடு க்ரோசர் இறையியல் கல்லூரியில் பேச்சுப் பாடத்தில் அவருக்குக் கிடைத்தது சி தரம்தான். லிங்கன் நினைவிடத்தின் படிகளில் 1963-ல் அவர் பேசியதை உலகம் அறியும்.

இவ்வளவு சொன்னபிறகு இந்தப் போட்டிகளின் சங்கடங்களையும் சொல்லாமல் விடக்கூடாது. விவாதத்தில் எந்தப் பக்கம் பேசுவது என்பதை மாணவன் தேர்ந்தெடுக்க முடியாது. நம்பாததற்காகவும் வாதாட வேண்டும். உண்மையே பேசு என்று வளர்த்த பிள்ளையை இப்படிப் பழக்கலாமா என்று கேட்கும் பெற்றோர் இருக்கிறார்கள், கேள்வி நியாயமானதுதான். முதலில் வழக்குச் சொல்கிறவன் நீதிமானாகத் தோன்றுவான், எதிராளி வந்து விசாரிக்கும்வரை என்று நீதிமொழிகள் பதினெட்டாம் அதிகாரம் சொல்லும் உண்மையைப் பயிற்சியாளர்கள் பதிலாகக் காட்டுகிறார்கள். எதிர்த்தரப்பின் மிகச் சிறந்த வாதத்தைத் தன் வாயாலேயே சொல்லிப் பார்த்தவனுக்கு, பிறகு அந்தத் தரப்பு மனிதரை ஏளனம் செய்வது கடினம். இந்தப் பதில் பெரும்பாலும் சரி.

இன்னொன்று இதைவிடக் கூர்மையானது. மனப்பாடச் சொற்பொழிவுப் பிரிவில் பிள்ளைகள் சொந்த வாழ்க்கையைப் பேசுகிறார்கள். தத்தெடுக்கப்பட்ட தம்பி, அம்மாவுக்கு வந்த புற்றுநோய், தன்னையே வாட்டிய மனச்சோர்வு. ஒரு பருவத்தில் பல ஊர்களில், பல சுற்றுகளில் அதே பேச்சை அதே இடத்தில் குரல் தழதழக்கச் சொல்ல வேண்டும். நான்காம் முறை சொல்லும்போது அது சாட்சியா, நடிப்பா? அறையில் உட்கார்ந்து கேட்கும் இன்னொரு பிள்ளைக்கு, தன் வீட்டிலும் இதே நோய் இருக்கும்போது, அந்தப் பேச்சு பெரிய தைரியத்தைக் கொடுக்கலாம். சுற்று முடிந்து நடைக்கூடத்தில் இருவரும் நின்று பேசலாம். போட்டிக்கு வரும் குடும்பங்கள் இப்படிப்பட்ட சந்திப்புகளையே பெரிதாக நினைக்கின்றன. ஆனால் வீட்டுத் துயரத்தை மதிப்பெண் தாளில் வைக்கலாமா என்பதைப் பேசுகிற பிள்ளையே தீர்மானிக்க விடவேண்டும். பெற்றோரோ பயிற்சியாளரோ அதை வெற்றிக்கு வழி என்று நினைத்துத் தூண்டக்கூடாது. ஆறாத காயத்தைத் தலைப்பாக எடுக்க வேண்டாம் என்று நிறுத்தும் பயிற்சியாளர் பிள்ளைக்கு நல்லது செய்கிறார்.

ஒரே விசுவாசத்தில் வளர்ந்த பிள்ளைகள் ஒரே விசுவாசத்துப் பெற்றோர் முன்னால் பேசினால் அதில் பகிர்வு எங்கே இருக்கிறது என்ற விமர்சனமும் உண்டு. அறையில் மூன்று நடுவர்களும் அம்மா அப்பாமார்களாக இருந்தால் மாணவனுக்குச் சபைப் பாஷையே போதும். இரட்சிப்பு, கிருபை, மறுபிறப்பு என்று அடுக்கிக்கொண்டே போகலாம், யாரும் புரியவில்லை என்று எழுதப்போவதில்லை. வெளியிலிருந்து ஒருவர் வந்து உட்கார்ந்தவுடன் அந்த வசதி போய்விடுகிறது. கிருபை என்றால் என்ன என்று அன்றாடச் சொல்லில் சொல்ல வேண்டியிருக்கிறது. அதனால்தான் போட்டி நடத்துகிறவர்கள் பொதுமக்களிலிருந்து நடுவர்களைத் தேடி அழைக்க இவ்வளவு பாடுபடுகிறார்கள். அப்படி வருகிறவர்கள் போதாத சுற்றுகளை ஒப்பேற்றப் பெற்றோரையே திரும்பத் திரும்ப உட்காரவைக்க வேண்டியும் வருகிறது.

நம் ஊர்ச் சபைகளில் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கு வசனப் போட்டியும் பேச்சுப் போட்டியும் இருக்கின்றன. பெரும்பாலும் மனப்பாடத்துக்குத்தான் பரிசு. அதோடு சீட்டெடுத்துப் பதில் சொல்லும் ஒரு சுற்றையும் சேர்ப்பது பெரிய செலவில்லாத காரியம். இருபது கேள்விகளை மூன்று மாதம் முன்பே கொடுத்துவிடலாம். நடுவர் மேசையில் போதகருக்கும் ஞாயிறு பள்ளிக் கண்காணிப்பாளருக்கும் பக்கத்தில் மூன்றாவது நாற்காலி ஒன்றைப் போட்டு, அதில் உட்கார, சபைக்கு வராத பள்ளி ஆசிரியர் ஒருவரை அழைக்கலாம். எந்த இடம் விளங்கவில்லை என்று எழுதிக் கொடுக்கும்படி அவரைக் கேட்டுக்கொள்ளலாம். அவர் எழுதிய தாளை, பரிசு வாங்காத பிள்ளைகளுக்கும் மறக்காமல் கொடுத்துவிட வேண்டும்.